காசியன் மலைமேல் போட்ட தொப்பி

செத்துப்போனவர்களின் தொப்பிகளைப் பார்த்துப் பார்த்து வின்சென்ஸுக்கு அலுத்துவிட்டது. சார்ன் பள்ளத்தாக்கில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் மூன்றாம் வாரம் அவனுக்குப் போன் வந்துவிடும். பரணில் பத்துத் தொப்பி கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ என்பார்கள். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் ஓய்வு பெற்ற பிறகாவது சும்மா உட்கார்ந்திருக்கலாம், விதி யாரை விட்டது! அறுபத்தாறு வயதில், குடைகிற முழங்காலோடு, பூச்சி அரித்த கம்பளித் தொப்பிகளைச் சாக்கில் கட்டி மாடியேற்றிக்கொண்டிருந்தான்.

ஆனால் ஆள் கெட்டிக்காரன், அதைச் சொல்லியே ஆகவேண்டும். தொப்பிக்குள் சுற்றித் தைத்த உள்தோலை மடக்கி, பின்னால் ஒட்டிய அளவுச் சீட்டைப் பார்ப்பான். தோலில் குத்திய பொன்னெழுத்து எந்தக் கடையுடையது, எந்தக் காலத்து அச்சு என்று சொல்லிவிடுவான். விளிம்பை மடித்துவிட்டால் அது திரும்பி எழுகிற வேகத்திலேயே ஆட்டுக் கம்பளியா முயல் ரோமமா என்று அவனுக்குத் தெரியும். வியன்னாவிலிருந்தும் மியூனிக்கிலிருந்தும் தொப்பி சேர்க்கிறவர்கள் படம் அனுப்பிக் கேட்பார்கள். அவன் ஒரு சின்ன அட்டையில் எழுதித் தொப்பியில் கட்டிவிட்டால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

அந்த ஜூலை மாதச் செவ்வாய்க்கிழமை மதியம் மேனா படியேறி வந்தாள். முழுப்பெயர் ஃபிலோமினா, எழுபத்து நாலு வயது. காசியனின் பண்ணையில் நாற்பத்தொரு வருஷம் வீட்டு வேலைக்காரி என்று பெயர். போன ஆகஸ்டில் செத்துப்போன காசியன் கடைசிவரை கல்யாணமாகாதவன் என்று பெயர். இரண்டையும் ஊரில் ஒருத்தரும் நம்பியதில்லை. ஆனால் வாயைத் திறந்து வேறு பெயர் வைக்கவும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

"இந்த வயசுல என்னை இவ்வளவு படி ஏற வெச்சுட்டியேடா பாவி" என்று மூச்சு வாங்கினாள். "காசியனோட தொப்பியெல்லாம் உன்கிட்டதானே இருக்கு?"

"ஆமாக்கா. அவர் தம்பி மகன் அம்புரோஸ் குடுத்தான், இருபத்து மூணு. உக்காருங்க, காப்பி போடறேன்."

"காப்பி கிடக்கட்டும். அதுல பச்சைக் கயிறு கட்டின சாம்பல் தொப்பி ஒண்ணு இருக்கும். அதைக் கண்ணுல காட்டு."

வின்சென்ஸ் காப்பி டப்பாவைத் திரும்ப மூடினான். சார்னில் கல்யாணமாகாதவன் தொப்பியில் சிவப்புக் கயிறு, ஆனவன் தொப்பியில் பச்சை. தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. காசியன் எழுபத்தொன்பது வயதில் சாகிறவரை கோயிலுக்கும் சந்தைக்கும் சிவப்பில்தான் வந்தான்.

"என் கதை உனக்குத் தெரியும்" என்றாள் மேனா. "என்னைக் கட்டினவன் ஸ்விட்சர்லாந்துக்கு வேலைக்குப் போறேன்னு போனான், போனவன் போனவன்தான். செத்தானா இருக்கானான்னு ஒரு காகிதம் கிடையாது. அது இல்லாம பாதிரியார் எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைக்க மாட்டேன்னுட்டார். வருஷா வருஷம் மாட்டை மேல் புல்வெளிக்கு ஓட்டிட்டுப் போவோமில்ல? குடிலுக்குள்ள கால் வெச்ச உடனே சிவப்பை ஆணியில மாட்டிட்டுப் பச்சையைப் போட்டுக்குவான். மழையோ வெயிலோ, செப்டம்பர்ல இறங்கறவரைக்கும் அதுதான். முப்பத்தெட்டு கோடை. பார்த்தது நானும் மாடுங்களும்."

"இப்ப எதுக்குக்கா அது?"

"சனிக்கிழமை கல்லறைக்கு இரும்புச் சிலுவை வருது. பலகையில அவன் பேரும் குடும்பப்பேரும் மட்டும்தான். கீழ எனக்கு ஒரு வரி இடம் விடுடான்னு அம்புரோஸைக் கேட்டேன். பெரியப்பா சிவப்புக் கயிறோட செத்தவர், ஊரே பார்த்திருக்கு, வேலைக்காரியைக் குடும்பக் கல்லறையில வெச்சா சிரிப்பாங்கங்கறான். நான் செத்தா எங்க போடுவாங்க தெரியுமா? சுவரோரம், யாருமத்தவங்க வரிசையில. நான் காய்ச்சல்ல கிடந்தப்ப குடிலைக் காலி பண்ணிச் சாக்குல அள்ளினவன் அவன். எது சிவப்பு எது பச்சைன்னு எங்க பார்த்தான்? அந்தத் தொப்பியைக் கொண்டுபோய் அவன் மூஞ்சிக்கு நேரா வெக்கணும்."

வின்சென்ஸ் எழுந்துபோய் மூன்றாவது தட்டிலிருந்து ஒரு சாம்பல் நிறத் தொப்பியை எடுத்து வந்தான். அதில் சிவப்புக் கயிறு இருந்தது. பக்கத்தில் அவன் கையெழுத்தில் அட்டை தொங்கியது. 'கல்யாணமாகாதவர் தொப்பி, மலை வேலைக்கானது. கயிறு அசல்.'

"இது இல்ல" என்றாள் மேனா.

"இதுதாங்க்கா."

பனிக்காலத்தில் ஒரு நாள், முப்பது தொப்பிக்கு அட்டை எழுதி இடுப்பு விட்டுப்போயிருந்த நேரத்தில், இது கைக்கு வந்தது. காசியனுக்கு ஏது பச்சை, எவனோ முட்டாள் மாற்றிக் கட்டியிருக்கிறான் என்று நினைத்தான். பச்சையை உருவி அடுப்பில் போட்டான். டிராயரில் கிடந்த பழைய சிவப்பு ஒன்றைச் சுற்றினான். எழுதினான், அடுத்ததை எடுத்தான். ஐந்து நிமிஷ வேலை. அதை இப்போது ஒரு வார்த்தை குறைக்காமல் அவளிடம் சொன்னான்.

மேனா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"யானைக்கும் அடி சறுக்கும்னு விட்டுடறதுக்கு இது சறுக்கல் இல்லடா. கயிறை மாத்தினது தெரியாம, சரி. அசல்னு எழுதினியே, அதுவும் தெரியாமலா? இந்த மாதிரி இன்னும் எத்தனை தொப்பியில கை வெச்சே?"

எத்தனை என்று அவனுக்கே தெரியாது. சுவர் முழுக்க அடுக்கியிருந்த அட்டைகளை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

"வாங்க, அவன்கிட்டயே போவோம்" என்று கார் சாவியைத் தேடினான்.

அம்புரோஸ் தன் வீட்டுக்கு மேலே சரிவில் காய்ந்த புல்லை வாரிக்கொண்டிருந்தான். எதிர்மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அவசரத்தில் இவர்கள் வந்து நின்றது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"மேனா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? துணைக்கு வேற ஆள் கூட்டிட்டு வந்திருக்கே."

வின்சென்ஸ் நடந்ததைச் சொன்னான். அம்புரோஸ் தொப்பியை வாங்கி அட்டையைப் படித்தான்.

"உங்க கையெழுத்துதானே அண்ணே?"

"ஆமா."

"கயிறு அசல்னு போட்டிருக்கு."

"பொய் எழுதினேன்."

"அப்ப இன்னைக்குச் சொல்றது மட்டும் சத்தியமாக்கும்? ஒரு கிழவி வந்து அழுதா அட்டையை மாத்திருவீங்க போல."

வின்சென்ஸ் சிவப்புக் கயிற்றை உருவினான். கயிறு இருந்த இடத்தில் கம்பளி வெளுக்காமல் இருந்தது. அதன் ஓரமெல்லாம் பச்சைச் சாயம் இறங்கியிருந்தது. "பாரு. மழை பட்டுப் பட்டு இறங்கின சாயம் இது."

"நீங்களே தேச்சிருக்கலாம். உங்களுக்குத் தெரியாத வித்தையா?"

முப்பது வருஷம் பஸ்ஸை ஒருநாள்கூடத் தாமதமாக எடுக்காதவன் என்று பெயர் வாங்கியவன், தன் வாயால் உண்மை சொன்னால் செல்லாது என்கிற நிலைக்கு வந்துவிட்டான். யாரை நோக? அப்படியே அந்தப் புல்லில் உட்கார்ந்துவிடலாம் போல உடம்பு அசந்து போயிற்று.

"போதும் வா, வின்சென்ஸ்" என்றாள் மேனா. "சுவரோரம்னா சுவரோரம். காத்தாவது வரும். கெஞ்சிக் கெஞ்சி எனக்கும் வாய் வலிக்குது."

அவள் திரும்பி நாலு எட்டு இறங்கிவிட்டாள். அம்புரோஸ் தன் தலையிலிருந்த வேலைத் தொப்பியைக் கழற்றினான். அதுவும் சாம்பல் கம்பளிதான், கல்யாணத்துக்குக் கட்டிய பச்சைக் கயிறு. கத்தி முனையால் கயிற்றைக் கொஞ்சம் நெம்பி அடியில் பார்த்தான். பெரியப்பாவின் தொப்பியைப் பார்த்தான். கட்டைவிரலில் எச்சில் தொட்டு அந்தப் பச்சையை அழுத்தித் தேய்த்தான், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. பிறகு இரண்டு தொப்பிகளின் உள்தோலையும் மடக்கினான். அவன் தொப்பியில் உள்பக்கக் கம்பளி வெறும் சாம்பலாக இருந்தது. காசியனின் தொப்பியில் கம்பளியின் முழுக் கனத்தையும் கடந்து உள்ளே ஒரு பச்சைக் கோடு சுற்றிலும் ஓடியது.

மழைத்துளி விழ ஆரம்பித்தது. அவன் நகரவில்லை.

"நான் கட்டி இருபத்தாறு வருஷம் ஆச்சு" என்றான், யாருக்கு என்றில்லாமல். "எத்தனை மழை! எனக்கே இன்னும் உள்ள இறங்கலை."

அம்புரோஸ் தன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கி, அவள் முன்னால் போய் நின்றான். காசியனின் தொப்பியை அவள் கையில் கொடுத்தான்.

"பலகைக்காரனுக்குப் போன் பண்ணணும். பேரை எப்படிப் போடச் சொல்லட்டும், பெரியம்மா?"

மேனா தொப்பியின் உள்தோலைப் பழையபடி மடித்துவிட்டாள். ஸ்விட்சர்லாந்துக்குப் போனவனின் குடும்பப்பெயர்தான் இன்றுவரை அவள் காகிதங்களிலெல்லாம் இருந்தது.

"ஃபிலோமினான்னு மட்டும் போடச் சொல்லு" என்றாள். "மிச்சப் பேர்தான் மேல் வரியில இருக்கே."