எடுத்தவர்தான் திருப்பித் தர வேண்டும்

பொற்கொடி உயிரோடுதான் இருந்தாள். ஆனாலும் அந்த நெய்வேலிக் குவார்ட்டர்ஸில் நடமாடுவது அவளுடைய ஆவிதானோ என்று அவள் கணவன் இளவழகனுக்குச் சில நாள் தோன்றிவிடும். கதவைத் திறந்தால் சத்தம் வராது. அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரையே பார்த்தபடி நிற்பாள். தட்டில் போட்ட சோறு காய்ந்து வெளிறிப்போகும். "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பாள். இத்தனை மாதங்களாக அவள் பேசியது அந்த ஒரு சொல்தான்.

மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அது கேட்கவில்லை என்று வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். வாராவாரம் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்ப் பேசித் தேற்றும் சிகிச்சையும் நடந்தது. அந்த அறையில் அவள் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவாள். கடைசியில் ஒரு வாய் சோறுகூடச் சரியாக இறங்காமல் போகவே, மனநல மருத்துவர் சண்முகப்பிரியா அந்த வார்த்தையைச் சொன்னார்.

"மூளைக்கு லேசா கரன்ட் குடுக்கற சிகிச்சை ஒண்ணு இருக்கு. இந்த நெலமைக்கு அதுதான் சீக்கிரம் கேக்கும். யோசிச்சு அடுத்த வாரம் சொல்லுங்க."

பரமசிவம் வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான்.

நெய்வேலி அனல்மின் நிலையத்துக்கு வேலைக்கு வருவதற்கு முன் இளவழகன் தென்கோடியில் ஒரு தனியார் துணை மின்நிலையத்தில் இருந்தான். அங்கே அவனுக்கு மூத்த லைன்மேன் பரமசிவம். மின்பாதையில் ஏறுவதற்கு முன் கரன்ட்டை நிறுத்திவிட்டு, ஏறுகிறவர் பெயரில் அனுமதி எடுப்பார்கள். லைன் கிளியர் என்று அதற்குப் பெயர், வாயில் எல்.சி. என்றுதான் வரும். எடுத்தவரே இறங்கி வந்து, தன் வாயால் முடிந்தது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் சுவிட்சை யாரும் தொடக் கூடாது. ஒரு மத்தியானம் எவனோ ஒருவன், அண்ணாச்சி இந்நேரம் இறங்கியிருப்பார் என்று தானே நினைத்துக்கொண்டு, போனில் அவருடைய எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பரமசிவம் அப்போது மேலே இருந்தார். இளவழகன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது அவர் குவார்ட்டர்ஸ் கூடத்தில், பொற்கொடியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். விரல்கள் கருகியிருந்தன. யாரையும் பயமுறுத்தவில்லை. பழைய குரலில் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்: "தம்பி, என் எல்.சி.ய யாரு குடுத்தாவ?"

அடுத்த வாரம் புதுச்சேரிக்குக் காரில் புறப்பட்டபோதும் பின்சீட்டில் பொற்கொடிக்குப் பக்கத்தில் அவர் இருந்தார், கூரையில் தலை இடிக்காமல் குனிந்து நின்றபடி. ஓட்டியது பொற்கொடியின் தம்பி பிரவின்குமார். திருவதிகையிலிருந்து காலையிலேயே வந்திருந்தான்.

"ஏன் மாமா, ஊருக்கே கரன்ட் அனுப்பிக்கினு இருக்கற ஆளு நீங்க. துளியூண்டு கரன்டுக்கு ஏன் இப்படி நடுங்கிக்கினு வர்றீங்க?"

"ரோட்டப் பாத்து ஓட்டுடா."

"நான் ரோட்டத்தான் பாக்கறேன். நீங்கதான் பின்னாடியே பாத்துக்கினு வர்றீங்க. எங்க அக்கா எறங்கி ஓடிடுமா?"

பண்ருட்டியில் சாலையோரம் பலாப்பழங்கள் குவிந்து கிடந்தன. வாசம் கார் முழுக்க நிறைந்தது. முன்பெல்லாம் இந்த இடம் வந்தால் நிறுத்தச் சொல்லிப் பொற்கொடி இளவழகனின் தோளைத் தட்டுவாள். இன்றைக்கு அவள் கை மடியிலேயே கிடந்தது. சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிடுவது என இளவழகன் முடிவு செய்திருந்தான். அவளைச் சாகக் கொடுக்க முடியாது. அவள் தலையில் கரன்ட் ஏறுவதையும் பார்க்க முடியாது. இரண்டில் எது நடந்தாலும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கப்போவது அவன்தான்.

மருத்துவர் பொறுமையாக எல்லாவற்றையும் பொற்கொடியிடமே சொன்னார். மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள். தசை தளர மருந்து உண்டு, உடம்பு தூக்கிப் போடாது. கரன்ட் சில நொடிதான். ஒரே நாளில் தீராது, வாரக்கணக்கில் வர வேண்டும். சமீபத்து ஞாபகங்கள் கொஞ்சம் தடுமாறும், பெரும்பாலும் திரும்பிவிடும். மாத்திரையும் பேச்சும் பிறகும் தொடரும்.

"நீங்க சொல்லுங்க பொற்கொடி. உங்களுக்குச் சம்மதமா?"

அவள் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி சுற்றியது. மருத்துவர் காத்திருந்தார். இளவழகனால் காத்திருக்க முடியவில்லை.

"அவ வேணாம்னுட்டா டாக்டர். வீட்லயே சொல்லிட்டா."

"தம்பி," என்றார் பரமசிவம், அவன் காதுக்கு மிக அருகில். "என் எல்.சி.ய யாரு குடுத்தாவ?"

இளவழகனுக்கு அப்போதுதான் உறைத்தது. மேலே இருப்பவளுக்காகக் கீழே இருப்பவன் பதில் சொல்லிவிட்டான். அன்றைக்குப் போனில் சொன்னவனும் இப்படித்தான், எல்லாம் தெரிந்த மாதிரி.

"இல்ல டாக்டர்," என்றான். "நான் சொன்னது பொய். அவகிட்ட நான் கேக்கவே இல்ல."

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். "பொற்கொடி, பயம் எனக்குத்தான். என் கண்ணு முன்னாடி ஒருத்தர் கரன்டுல போனாரு. உங்கிட்ட சொன்னதே இல்ல."

வெகுநேரம் கழித்து அவள் உதடு அசைந்தது.

"பரமசிவம் அண்ணாச்சிதான? தூக்கத்துல கூப்புடுவீங்க."

அவன் தலையை ஆட்டினான்.

"எனக்குக் கரன்ட் வெக்கட்டும்," என்றாள் மருத்துவரைப் பார்த்து. கிணற்றடியிலிருந்து வருகிற குரல். "இப்படியே இருக்க முடியல."

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். பரிசோதனைகள் முடிந்து, வெறும் வயிற்றோடு அவளை உள்ளே கொண்டுபோன காலையில் இளவழகன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. காதில் நெய்வேலி மின்நிலையத்தின் இரைச்சல் இங்கேயும் கேட்பது போலிருந்தது.

அவளைப் பக்கத்து அறைக்குக் கொண்டுவந்து, கண் விழித்த பின் உள்ளே விட்டார்கள். பிரவின்குமார் முந்திக்கொண்டான்.

"சிஸ்டர், எங்க அக்கா முகமே தெளிஞ்சிடுச்சு பாருங்க! நல்லாயிட்டாங்க—"

இளவழகன் அவன் வாயைப் பொத்தினான். "அவ சொல்லட்டும்டா."

பொற்கொடி கூரையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், காலையில் என்ன நடந்தது என்று தேடுகிறவள் போல. அவன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவளுடைய கையைத் தொடக்கூட இல்லை.

"தல வலிக்குது," என்றாள்.

இத்தனை மாதங்களில் முதல் தடவையாக, யாரும் கேட்காமலே தன் வலியைச் சொன்னாள், ஒண்ணுமில்ல என்று சொல்லவில்லை.

"ரொம்ப வலிக்குது. இந்த ஊருல காப்பி குடுக்க மாட்டாங்களா?"

காப்பிக்கு ஓடிய பிரவின்குமாருக்காகக் கதவு திறந்தது. வெளியே, இளவழகன் எழுந்து வந்த பெஞ்சில், இத்தனை நாளும் நின்றுகொண்டே இருந்த பரமசிவம் உட்கார்ந்திருந்தார். கருகிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை இவளை எப்போது உள்ளே கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவர் போல இருந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை.