மொட்டை டயர்

நர்ஸ் அப்பாவின் பொருட்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், பர்ஸ், பல்செட். கடைசியாக எடுத்த போன் அவள் கையிலேயே அதிர்ந்தது. ஒரு கணம் திடுக்கிட்டு, பிறகு அதைப் பெரியவளிடம் நீட்டினாள்.

தம்பி சின்னவனிடமிருந்து செய்தி வந்திருந்தது. ‘அப்பா, காய்ச்சல் எப்படி இருக்கு? இங்க மழை.’

பெரியவள் கட்டிலைப் பார்த்தாள். குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிரித்த இடம் அப்பாவின் கன்னத்தில் இன்னும் சிவந்திருந்தது. இறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

“என்ன கேக்கறான்?” என்றாள் அம்மா.

“காய்ச்சல் எப்படின்னு.”

அம்மா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பரவாயில்லன்னு போடு.”

“அம்மா.”

“ரேஸ் முடியட்டும்டி. அப்புறம் சொல்லிக்கலாம். இப்பச் சொன்னா அவன் வண்டில ஏறுவானா? எட்டு மாசம் பட்ட பாடெல்லாம் என்னாகறது?”

காய்ச்சல் என்ற பொய்யை ஆரம்பித்து வைத்தவரே அப்பாதான். இரண்டு நாள் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, “அவன்கிட்ட காய்ச்சல்னு சொல்லுங்க. கடைசி ரேஸ் இது. மனசு கலையக் கூடாது” என்று உத்தரவு போட்டுவிட்டார். அந்தப் பொய்யை இப்போது அவர் இல்லாமல் நடத்தியாக வேண்டும். பெரியவள் ‘பரவாயில்லை’ என்று தட்டினாள். அப்பா எல்லாச் செய்தியையும் ஒரே வார்த்தையோடுதான் முடிப்பார். அதையும் சேர்த்தாள்: ‘கவனம்.’

அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். கற்றுக்கொள்கிறவர் அருகில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்து அவருக்குப் பிரேக் வாத்தியார் என்றே பெயர் வந்துவிட்டது. அடுத்தவர் ஓட்டும் காரில் பின் இருக்கையில் உட்கார்ந்தாலும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட மனிதர் மகனை ரேஸ் காரில் ஏற்றியது வீட்டில் பல காலம் கேலியாகவே ஓடியது.

கூரையில்லாத, ஒற்றை இருக்கைக் கார். சக்கரம் நான்கும் வெளியே தெரியும். பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கான வட்டாரப் போட்டி. வருட ஆரம்பத்தில் சின்னவனின் இன்ஜின் பாதியில் அணைந்தது. அடுத்த முறை முதல் வளைவிலேயே ஒருவன் வந்து இடித்தான். வெயில் காலத்தில்தான் பையன் விழித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவனும் இன்னொரு சிவப்புக் கார்க்காரனும் மாற்றி மாற்றி ஜெயித்தார்கள். இன்று அவர்கள் இரண்டு பேரில் யார் முன்னால் முடிக்கிறானோ அவனுக்குத்தான் பட்டம். பட்டம் வென்றவனுக்கு அடுத்த வருடம் பெரிய பிரிவில் ஓர் இருக்கை தருவார்கள். தோற்றால் அடுத்த வருடம் என்ற பேச்சே கிடையாது. வீட்டில் விற்பதற்கு இனி எதுவும் பாக்கி இல்லை.

மாமா வந்து சேர்ந்ததும் ஏற்பாடுகள் சூடு பிடித்தன. அம்மாவின் தம்பி. கல்யாணமோ சாவோ, எதையும் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்ளாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

“இப்ப வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுக்கா” என்றார். “தெருவுல ஒருத்தன் பாத்தாப் போதும். அடுத்த நிமிஷம் பையனுக்கு ஆறுதல் மெசேஜ் போய்டும். சாயந்திரம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். நான் பேசிட்டேன்.”

அப்படியாக, செய்தி கசிந்துவிடக் கூடாது என்று அப்பாவைக் குளிர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, மூன்று பேரும் ஆஸ்பத்திரி கேண்டீனில் போய் உட்கார்ந்தார்கள். யாரோ பிழைத்து வருவதற்காகக் காத்திருக்கும் குடும்பம் போல் இருந்தது. மாமா எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். நல்ல வேளை, சர்க்கரை போதுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெரியவள் டம்ளரை அவர் சட்டையில் ஊற்றியிருப்பாள்.

மதியம் போன் மறுபடியும் அதிர்ந்தது. இந்த முறை ஒரு வீடியோ.

பந்தயத் தடத்தின் கறுப்புத் தரை. சின்னவனின் ஷூ ஈரத்தில் ஒருமுறை அழுந்தி, சற்றே காய்ந்திருந்த இடத்தில் பதிந்து விலகியது. ஷூவின் தடம் மட்டும் நின்றது. கேமரா அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. கீழே எழுதியிருந்தான்: ‘மழை விட்ருச்சு. மேனேஜர் மழை டயர்ங்கறார். எல்லாரும் அதான் மாட்டறாங்க. நீங்க சொல்லுங்கப்பா.’

ஈரக் காலால் தரையில் ஒரு தடம் பதித்து, அது எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்த்து டயரை முடிவு செய்வது அந்த வீட்டு வழக்கம். வேறு எந்த அணியிலும் அதைச் செய்ய மாட்டார்கள், சிரிப்பார்கள். உண்மையில் அதைக் கண்டுபிடித்தது பெரியவள்தான். அவள் சின்ன கோ-கார்ட் வண்டி ஓட்டிய காலத்தில், மழை நின்ற ஒரு நாள் வெறுங்காலோடு பந்தயத் தடத்தில் நடந்து பார்த்து, “காஞ்சிடும்ப்பா, மொட்டையே போடுங்க” என்றாள். மழை டயரில் தண்ணீர் வெளியேற வரிப்பள்ளங்கள் இருக்கும். காய்ந்த தரைக்கு ஒரு பள்ளமும் இல்லாத வழவழ டயர். அதற்கு வீட்டில் மொட்டை என்று பெயர். அன்று அவள் கோப்பையோடு வந்தாள். அந்தக் கோப்பையில் இப்போது அம்மா துணி மாட்டும் கிளிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறாள்.

பிறகு சின்னவன் வளர்ந்தான். ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடியே, “ஒரு வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்மா” என்றார். அப்போது சின்னவன் ரெண்டு சுற்று ஓட்டினாலே வாந்தி எடுப்பான். யார் அந்த ஒருவர் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இப்போது அவள் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். தங்கள் வண்டியில் என்ன சத்தம் வருகிறது என்று வாடிக்கையாளர்கள் வாயால் செய்து காட்டுவதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை.

அம்மா எட்டிப் பார்த்தாள். “அவர் என்ன சொல்லுவாரோ அதையே போடு. மழைன்னு போடு.”

அதில் சந்தேகமே இல்லை. தரை அரைகுறை ஈரமாக இருந்தால்கூட அப்பா மழை டயர்தான் சொல்வார். வழுக்கை டயரோடு யாராவது ஸ்கூலுக்குக் கார் கொண்டு வந்தாலே கொலைக் குற்றம் செய்தவனைப் போல் பார்ப்பார். அவருடைய கால் எப்போதும் பிரேக்கில்தான்.

பெரியவள் வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். ஷூத் தடத்தின் முன்பாதி விளிம்பிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. பின்னால் ஒரு குட்டையில் நீர் ஒரே பக்கமாகச் சிலிர்த்துக்கொண்டிருந்தது. நல்ல காற்று. குட்டையின் மேல் வெயிலும் பளிச்சிட்டது. வண்டிகள் நாலு சுற்றுப் போனால் அவை ஓடும் வரி காய்ந்துவிடும். அதற்கப்புறம் மழை டயர் சோப்புக் கட்டி மாதிரிக் கரையும். முதல் சுற்றுகளில் சுவரில் மோதாமல் பிழைத்துக்கொண்டால் மொட்டைதான் ஜெயிக்கும்.

மழை என்று போட்டுவிட்டால் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அம்மா சொன்னதும் அதுதான், அப்பா சொல்லியிருப்பதும் அதுதான். தம்பி மற்றவர்களோடு சேர்ந்து வழுக்கி, நடுவில் எங்கேயாவது வந்து முடிப்பான். இருக்கை போகும். அடுத்த வருடம் அவனும் ஒரு மேசைக்குப் பின்னால் உட்காரலாம். அந்த நினைப்பு அவளுக்கு வந்தது, ஒரு கணம் இனிக்கவும் செய்தது. அதை அவள் மறுக்கவில்லை.

‘மொட்டை. கவனம்’ என்று தட்டி அனுப்பினாள்.

அவன் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது. மறுபடி எழுதினான், மறுபடி நிறுத்தினான். கடைசியில் ஒரே வார்த்தை வந்தது. ‘சரி.’

மாமாவின் போனில் பந்தயத்தைப் பார்த்தார்கள். அதைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்தார். முதல் வளைவிலேயே சின்னவனின் கார் பின்பக்கம் துள்ளி, புல்தரையைத் தொட்டுத் திரும்பியது. ஒவ்வொருவராக அவனைத் தாண்டினார்கள். சிவப்புக் கார் முன்னால் எங்கேயோ நீரை வாரியிறைத்துக்கொண்டு போனது.

“என்னடி போட்ட அவனுக்கு?” என்றாள் அம்மா.

பெரியவள் அப்பாவின் போனை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“மொட்டையா? அவர் போன அன்னைக்கே இப்படிப் பண்ணிட்டியே. உன் வயித்தெரிச்சல இன்னைக்கா காட்டணும்?”

“அக்கா, மெல்ல” என்றார் மாமா. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தரை நிறம் மாறிக்கொண்டிருந்தது. சின்னவன் ஒருவனைத் தாண்டினான். பிறகு ஒரே நேர்கோட்டில் இரண்டு பேரை. முன்னால் போனவர்கள் டயரைக் குளிர்விக்க நீர் தேங்கிய ஓரங்களைத் தேடித் தேடி ஓட்டினார்கள். சிவப்புக் கார் வளைவுக்கு வளைவு அகலமாகப் போய்த் திணறியது. அந்தச் சிவப்புக் கார்க்காரனும் நீரைத் தேடித்தான் போனான், ஆனால் ஓரத்தில்கூட நீர் மிச்சமில்லை. சின்னவன் உள்பக்கமாக நுழைந்து, சந்தடியில்லாமல் அவனைக் கடந்து போனான். எப்படி நுழைய வேண்டுமோ அப்படியே நுழைந்தான். பெரியவளின் வலது கால் மேசைக்கடியில் தரையை மிதித்தபடி இருந்தது. ஆக்சிலேட்டர் இருக்கும் பக்கம்.

முடிவுக் கொடி அசைந்ததும் அம்மா போனைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமாவும் அழுதார். திரையில் ஒருத்தி மைக்கை நீட்டி, எல்லோரும் மழை டயர் போட்டபோது அவனுக்கு மட்டும் எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று கேட்டாள். சின்னவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் சிரிப்பே இல்லை.

“எங்கப்பா சொன்னார்” என்றான்.

அம்மா நிமிர்ந்து பெரியவளைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று பெரியவள் காத்திருந்தாள். வாய் தவறியாவது ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தாள்.

“கேட்டியா?” என்றாள் அம்மா, மாமாவிடம். “போற நேரத்துலயும் பிள்ளைக்கு டயர் சொல்லிட்டுத்தான் போயிருக்கார்.”

மாமா முதலில் விழித்தார். பிறகு தலையாட்டினார்.

அப்பா வீட்டுக்கு வந்து முன்னறையில் கிடத்தப்படுவதற்குள் கதை நன்றாகக் கால் ஊன்றிவிட்டது. மூச்சு வாங்கியபடியே வீடியோவைப் பார்த்தாராம். தானே கையால் தட்டினாராம். தெருவில் பாதிப் பேர் வந்துபோன பிறகு மாமா இன்னும் கொஞ்சம் முன்னேறினார்: ஜெயித்த செய்தியைக் காதில் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினாராம். அப்பா காலையிலேயே இறந்தவர் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் இரண்டு பேர் ஏற்கெனவே மறந்துவிட்டார்கள்.

பிரேக் வாத்தியார் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை துணிந்தார், அதுவும் செத்த பிறகு என்று நினைத்தபோது பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்குவதற்காகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். சிரிப்பு அழுகையாகிவிட்டது. அப்பாவுக்காகத்தான் அழுதாள். அவரிடம் கோபித்துக்கொள்ளக்கூட இனி ஆளில்லை.

அணியின் வேன் சின்னவனை வாசலில் இறக்கிவிட்டபோது இருட்டவில்லை. அப்பா இறந்ததை மேனேஜர் வழியிலேயே சொல்லிவிட்டார். ரேஸ் உடையைக்கூடக் கழற்றாமல் வந்தான். சாயந்திரத் தூறலில் வந்தவர்கள் மிதித்த சேற்றை யாரோ அப்போதுதான் துடைத்துவிட்டிருந்தார்கள், முன்னறையில் தரை சில்லென்று கிடந்தது. ஈர வாசலில் நின்ற ஷூவோடு நேராக உள்ளே வந்து கட்டிலருகே நின்றான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்தபின், மாமா அவளை வெளியே காற்றாட அழைத்துப் போனார்.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள்.

“காலைலயேவாக்கா?” என்றான் சின்னவன், அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

அவள் தலையாட்டினாள். பிறகுதான் உறைத்தது. “யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. அப்பா மொட்டைன்னு சொல்ல மாட்டார்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“நான்தான்னு தெரிஞ்சுதா?”

“பாத்தவுடனே. அவர் போனை நீ எடுத்துப் பதில் போடறேன்னா...”

“அப்ப ஏன்டா என்னைக் கூப்பிடல?”

சின்னவன் கையுறையின் நுனியைப் பிய்த்தான். அவனுக்கு இன்னும் மீசை சரியாக முளைக்கவில்லை.

“கூப்பிட்டிருந்தா நீ சொல்லியிருப்ப” என்றான்.

அவள் அவனை அறையலாம் என்று நினைத்தாள். கட்டிக்கொள்ளலாம் என்றும் நினைத்தாள். இரண்டுக்கும் கை வரவில்லை. “மைக்ல அப்பான்னு சொன்னியே” என்று மட்டும் கேட்டாள். கேட்டதுமே ஏன் கேட்டோம் என்று கூசியது.

“வேற என்னக்கா சொல்ல முடியும்?”

வாசலில் பேச்சுக் குரல் எழுந்தது. பக்கத்து வீட்டு டீச்சர் வந்திருந்தாள். “எங்க பிள்ளை? வெளிய வரச் சொல்லு, டீச்சர் பாக்கணுமாம்” என்று அம்மா கூப்பிட்டாள். சின்னவன் அக்காவை ஒருமுறை பார்த்தான். உதட்டை நனைத்துக்கொண்டு வெளியே போனான்.

துடைத்த தரையில் அவன் ஷூவின் தடம் கட்டிலிலிருந்து வாசல்வரை பதிந்து கிடந்தது.

“அப்பாதான் டயர் சொன்னாராமே, கண்ணு? அந்த நிலைமையிலயும்?” டீச்சரின் குரல்.

வாசலில் ஷூ ஒருமுறை தரையில் உரசியது.

“ஆமா டீச்சர். அப்பாதான் சொன்னார்.”

பெரியவள் குனிந்து, கட்டிலுக்கு அருகில் இருந்த தடத்தைப் பார்த்தாள். மின்விசிறிக் காற்றில் அது விளிம்பிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. முதலில் விரல் பக்கம் போயிற்று. நடுப்பாதம் போயிற்று. குதிகால் மட்டும் ஒரு காசு அளவுக்குக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. பழக்கத்தில், அது எப்போது மறைகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.