கேள்வியை மட்டும் கேளுங்கோ

வந்திருந்தவர்கள்: வடிவம்மா டீச்சர், டிஸ்பென்சர் கதிர்காமநாதன், கங்காணி கந்தப்பன், பள்ளிக்கூடத் தொண்டுச் சங்கத்து மாணவிகள் சந்திரகாந்தி, லெட்சுமி, செவந்தி, தோட்டத்துப் பெண்கள் நாற்பத்தேழு பேர்... எழுதி முடித்த பிறகும் செவந்தியின் பென்சில் தாளை விட்டு எழவில்லை. நாற்பத்தேழு பேரில் ஒருத்தி அம்மா. அதற்கு இந்தக் கொப்பியில் கட்டம் இல்லை. தினமும் விடியலில் ஆள் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிற பெரட்டுக்களத்தில் ஒரு மேசையைப் போட்டு அதன் பின்னால் அவளை உட்காரவைத்திருக்கிறார்கள், எதிரே அவள் பிறந்த லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றையறை வீடுகள், இடது பக்கம் நாலாவது காம்பரா, கூரைத் தகரத்தில் அந்த ஓட்டையை இன்னும் யாரும் அடைக்கவில்லை, பார்க்காதே, பார்த்தால் சந்திரகாந்தி என்னவென்று கேட்பாள். யார் கையைத் தூக்கச் சொன்னது? சனிக்கிழமை தொண்டுக்கு வர விருப்பமுள்ளவர்கள் யார் என்று டீச்சர் கேட்டதுதான் தாமதம், எந்தத் தோட்டம் என்று சொல்வதற்குள் கை மேலே போய்விட்டது. பதுளைக் கடைவீதிப் பிள்ளைகள் யோசித்துத் தூக்கலாம், தூக்காமலும் இருக்கலாம், விடுதியில் இலவசச் சோறு தின்கிறவளின் கை முதலில் போக வேண்டும், ஆறு வருஷமாக அப்படித்தான் போகிறது. நமுனுகுல மலையடி, இன்ன தோட்டம் என்று டீச்சர் பிறகு சொன்னபோது கையை இறக்க வழியில்லை.

பள்ளிக்கூடத்துக்கு அவள் அனாதை. கணக்கப்பிள்ளை ஜெயராசாவின் அண்ணன் மகள், தாயும் தகப்பனும் காய்ச்சலில் போனவர்கள். அனாதைக்குத்தான் விடுதியில் இலவச இடம் என்பதால் கணக்கப்பிள்ளை அப்படிக் கடிதம் எழுதிக் கொடுத்தார், அப்பா முருகையா கும்பிட்டு வாங்கினார், தான் செத்துப்போனதாக எழுதிய தாளை இரண்டு கையாலும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். லயம் முழுவதற்கும் தெரியும். லயம் முழுவதும் வாயை மூடிக்கொண்டது. இன்று காலை மாட்டு வண்டி வந்து நின்றபோது ஒருத்திகூட அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, கந்தப்பன் மட்டும், "வாங்க டீச்சரம்மா, பாத்து எறங்குங்க, இந்தப் பாதையெல்லாம் ஒங்களுக்குப் பழக்கமிருக்காது" என்று அவளைப் பார்த்துப் பல் தெரியச் சொன்னார். அந்தப் பல்லை நம்பலாமா? இந்தக் களத்தில் அவள் மூக்கு ஒழுக ஓடியபோது முதுகில் ஒன்று வைத்தவர் அவர்தான். அவர் இல்லாவிட்டால் குழந்தை குட்டிகள், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கிழவி வாய் தவறி... வடிவம்மா டீச்சர் நல்லவர், ஆனால் பொய்யை மட்டும் பொறுக்கமாட்டார். போன வருஷம் வயதைக் குறைத்துச் சொன்ன ஒருத்தியை அன்றைக்கே பெட்டியோடு வாசலில் நிறுத்தியவர். அடுத்த மாதம் முதல் சின்ன வகுப்புக்கு நீதான் பாடம் சொல்லித்தரப் போகிறாய் என்று செவந்தியிடம் சொல்லியிருக்கிறார்.

வேலை பெரியதல்ல. கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்கிறார்கள், குளிசை மூன்று, பிறகு பேதி உப்பு. அதற்கு முன் மேசையில் பேரை எழுதி ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும், முழுகாமல் இருக்கிறாயா என்று. ஆம்பிளை கேட்டால் பெண்கள் சொல்லமாட்டார்கள், அதனால்தான் பெண் பள்ளிக்கூடத்துக்கு ஆள் கேட்டு எழுதினார்களாம். எழுதியவருக்குக் கல்யாணமாகாத குமரி கேட்டாலும் சொல்லமாட்டார்கள் என்பது தெரியாது போலும். பிள்ளை உண்டானவளுக்கு அந்தக் குளிசை ஆகாது, கரு கலைந்துவிடும், சில சமயம் ஆளும் போய்விடும், வரும் வழியில் வண்டியில் டிஸ்பென்சர் இதைச் சொன்னார். யாழ்ப்பாணத்து மனுஷர், வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார். "ஆனா ஏன் கேக்கிறியள் எண்டு மட்டும் வாய் திறக்காதையுங்கோ, பிள்ளையள். சொன்னா நாப்பத்தேழு பேரும் பிள்ளைத்தாச்சியெண்டு ஒதுங்கி நிப்பினம், நான் குளிசையை ஆருக்குக் குடுக்கிறது? கேள்வியை மட்டும் கேளுங்கோ." லெட்சுமி சிரித்தாள். செவந்தியும் சிரித்தாள். அப்போது அவளுக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

கேள்விக்கு ஆமென்று வருகிற பதிலை அவள் சொல்ல, கந்தப்பன் அதைக் களம் முழுக்கக் கேட்கும்படி கத்துவார், அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, முப்பது வருஷமாக மலைக்கு மலை கத்திய தொண்டை. ரெங்கம்மா வந்தாள். "முழுகாம இருக்கீங்களா?" என்று கேட்டதற்கு, "எனக்கா தாயி? அந்த மனுசன் இருக்கிறவரைக்கும் நான் எந்த மாசந்தான் முழுகியிருக்கேன்? ஆறுன்னு எழுதிக்க" என்றாள். கந்தப்பன், "ரெங்கம்மா, ஆறு மாசம், பீலிப் பக்கம் போ!" என்று முழங்கினார். "மலைக்கே சொல்லிட்டீங்க, தொரைக்கும் ஒரு தந்தி அடிச்சிருங்க கங்காணி" என்று சொல்லி ரெங்கம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு தண்ணீர்ப் பீலியடிக்குப் போனாள், வரிசையே சிரித்தது. அடுத்து வந்த சின்னப் பெண் ஒருத்தி, ஏன் இதைக் கேட்கிறீர்கள் என்றாள். "சும்மா, கணக்குக்கு" என்றாள் லெட்சுமி. வரிசை அதையும் கேட்டது. சும்மா, கணக்குக்கு. பின்னால் நின்ற அம்மாவும் கேட்டிருப்பாள்.

அம்மா இன்று வேலைக்குப் போகவில்லை, ஆனாலும் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டியிருக்கிறாள், எதற்கு? பொங்கல் லீவுக்கு, சித்தப்பா வீட்டுக்கென்று சொல்லிவிட்டு செவந்தி வந்தபோது, அம்மா காம்பராச் சுவரின் காரையைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டு இவள் பார்த்ததும் துப்பினாள். சோறு கொதிக்கிற வாடைக்கு வெளியே எழுந்து போனாள். பீலியில் குளிக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். என்னம்மா உடம்புக்கு என்றதற்கு, வயசுக்கு வந்த புள்ள கேக்குற கேள்வியா இது, போ, என்று எரிந்து விழுந்தாள். தை, மாசி, பங்குனி... அதற்கும் முன்னால் இரண்டு. நாற்பது வயதில், கல்யாணத்துக்கு மகளை வைத்துக்கொண்டு. லயத்தில் ஒருவருக்கும் சொல்லியிருக்கமாட்டாள்.

"பேர்?"

"பெரியாயிங்க."

"புருஷன் பேர்?"

"முருகையாங்க."

செத்துப்போன அப்பாவின் பேரை எழுதினாள், எழுத்து கோணவில்லை, அதுவே பயமாக இருந்தது. அம்மா இவளைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்த சந்திரகாந்தியின் வெள்ளை ரவிக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேள். கேட்டுத்தான் ஆக வேண்டும். "முழுகாம... இருக்கீங்களா?" "இந்த வயசுலயாங்க?" என்றாள் அம்மா, பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள், அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். பிறகு மெதுவாக, "இல்லீங்க. இல்லைன்னே எழுதிக்குங்க."

பெற்ற மகளை வாங்க போங்க என்கிறாள். உண்டு என்று எழுதிவிடலாமா, எழுதினால் கந்தப்பன் கத்துவார், அம்மா எல்லார் முன்னாலும் மறுப்பாள், உனக்கெப்படித் தெரியும் என்று டீச்சர் கேட்பார், அனாதைக்கு எப்படித் தெரியும்? குனிந்து காதில் சொல்லலாமா, சந்திரகாந்தியின் முழங்கை இவள் முழங்கையில் இடிக்கிறது. காலை மிதித்துச் சாடை காட்டினால்? என்ன சாடை? குளிசை விஷம் என்பதற்கு என்ன சாடை இருக்கிறது? டிஸ்பென்சரைத் தனியாகப் பார்க்கலாம் என்றால் அவர் மலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவுக்குள் இருக்கிறார், இன்று வாளிகளும் பேதியுமாக இருக்கிற இடம், மாணவிகள் அங்கே போகக் கூடாதென்று டீச்சர் காலையிலேயே சொல்லிவிட்டார். பின்னால் நின்றவள் செருமினாள். பென்சில் ‘இல்லை’ என்ற கட்டத்தில் கோடு போட்டது. அம்மா சாக்கைச் சரிசெய்துகொண்டு பிள்ளைக்காம்பராப் படியேறினாள். "அந்தப் பொம்பள ஒன்னையே திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுப் போறா, ஒனக்குத் தெரிஞ்சவளா?" என்றாள் சந்திரகாந்தி. "இல்ல." யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது.

கதவில் கந்தப்பன் கம்போடு நின்றார். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் பூட்டிவிடுவார், மூன்று மணி நேரம் யாரும் வெளியே வந்து எதையும் தின்றுவிடாதிருக்க. அம்மா பத்தாவது. பதினொன்றும் போயாயிற்று. பன்னிரண்டாவது ஆள் கைக்குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டு வருகிறேனென்று லயத்துக்கு ஓடியிருந்தாள். அவள் வரட்டும், மெதுவாக வரட்டும், குழந்தை அழட்டும்... ஆனால் குளிசை கொடுக்கக் கதவு பூட்ட வேண்டுமென்று இல்லையே, உள்ளே இப்போதே கொடுத்துக்கொண்டிருப்பாரே. அம்மாவுக்குக் கேள்வி தெரியும், கேள்வி எதற்கென்று தெரியாது. தெரிந்திருந்தால் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சொல்லியிருப்பாளா, இல்லை மகளுக்காகக் குளிசையைத்தான் விழுங்கியிருப்பாளா? செவந்தி எழுந்துவிட்டாள். "செவந்தி, எங்கே போகிறாய்? உள்ளே போகக் கூடாது." டீச்சரின் குரல். களத்து மண் காலுக்குப் பழகியதாக இருந்தது, எங்கே வழுக்கும், எங்கே வழுக்காது என்று கால் தானே பார்த்துப் போயிற்று. கந்தப்பன் பல்லைக் காட்டவில்லை. அவளைப் பார்த்தார், அவள் தலைக்கு மேலாக டீச்சரைப் பார்த்தார், ஒதுங்கி வழி விட்டார்.

உள்ளே சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டிஸ்பென்சர் தண்ணீர்க் குவளையோடு ஒவ்வொருத்தியாக வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார், அம்மாவுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அம்மாவின் உள்ளங்கையில் மூன்று குளிசைகளும் இருந்தன. இவளைக் கண்டதும் அம்மாவின் முகத்தில் வந்தது பயம், குளிசைக்கான பயமல்ல. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "நீங்க எதுக்குங்க இங்க வந்தீங்க, வெளிய போங்க." டிஸ்பென்சர் திரும்பினார். "என்ன பிள்ளை?" சொல், இப்போதே சொல். வாய் திறந்துதான் இருந்தது. பின்னால் திறந்த கதவு வழியே டீச்சர் மறுபடி கூப்பிடுவது கேட்டது, செருப்புச் சத்தம் களத்தைத் தாண்டி வருவது கேட்டது, அடுத்த வாய் திறந்தது, நாக்கு தூக்கப்பட்டது, இன்னும் ஒரே ஆள், இவ்வளவு தூரம் நடந்து வந்தும் தான் எதற்காகக் காத்து நிற்கிறோம் என்று செவந்திக்கு அப்போதுதான் விளங்கியது. கதவு மூடட்டும், டீச்சரின் காதில் விழாமல் போகட்டும் என்று.

"பன்னெண்டு" என்று அவளையே சேர்த்து எண்ணினார் கந்தப்பன். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு அடைபட்டது, வெளியே பூட்டு விழுந்தது.