ஒரு வாரத்துப் பச்சை

தோட்டம் என்ற பெயர் வருவதற்கு முன்னால், கல்லூரியின் பெண்கள் விடுதிக்குப் பின்னால் இருந்த அந்த இடம் வெறும் குப்பைமேடு. கட்டடம் கட்டி மிஞ்சிய செங்கல் துண்டும், உடைந்த பீங்கானும், துருப்பிடித்த கட்டில் கால்களும் அங்கே கொட்டிக் கிடந்தன. சுற்றுச்சூழல் துறை ஆசிரியை ஒருத்தி அதைத் தோட்டமாக்கப் போகிறேன் என்று மண்வெட்டியைத் தூக்கியபோது, கூட வேலை பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எந்நேரமும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்ததால் மாணவிகள் அவளுக்கு மண்புழு என்று பெயர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். காதுக்கு எட்டியபோது அவள் கோபப்படவில்லை.

"மண்புழுவுக்கு முதுகு எது, வயிறு எதுன்னு உங்களுக்குத் தெரியுமாடி? நேராவே கூப்பிடுங்க" என்றாள்.

அன்றைக்கு அவளோடு சேர்ந்து மண் சுமந்தவள் ஒரே ஒருத்திதான். படிக்கிற காலத்திலிருந்து அவளுக்கு உயிர்த்தோழி. உயரத்தால் நெட்டை என்று பெயர் வாங்கியவள். நெட்டை அப்போது வேதியியல் ஆசிரியை. பிறகு துறைத்தலைவியாகி, போன வருடம் முதல்வராகவும் ஆகிவிட்டாள். பிறர் முன்னால் ஒருவரையொருவர் மேடம் என்பார்கள். கதவைச் சாத்திவிட்டால் வாடி போடிதான்.

தோட்டம் வளர்ந்த கதை சட்டென்று சொல்லி முடிக்கிற கதையல்ல. விடுதிப் பெண்கள் குளித்த தண்ணீர் ஒரு குழாய் வழியாக வந்து, ஜல்லியும் மணலும் பரப்பிய நீண்ட தொட்டியில் இறங்கும். அங்கே அடர்ந்து நின்ற கோரையும் நாணலும் சோப்பு அழுக்கை வடித்துவிடும். தெளிந்து வந்த தண்ணீரைத்தான் செடிகள் குடித்தன. பக்கத்து நூலகக் கூரையில் விழும் மழையெல்லாம் நடுவிலிருந்த பள்ளத்தில் தேங்கி, மண்ணுக்குள் இறங்கிவிடும். உரம் கிடையாது, மருந்து கிடையாது. உதிர்ந்த சருகே செடிக்குப் போர்வை, அதுவே சாப்பாடு. அந்த மண்ணுக்குப் பழகிய புல்லும் புதரும் மட்டுமே அங்கே இருந்தன. மழைக்காலத்தில் இடுப்பளவு எழும்பி நிற்கும். கோடையில் தண்ணீர் குறையும்போது பழுப்பாகிப் படுத்துவிடும். வேர் மட்டும் உள்ளே விழித்திருக்கும்.

அப்படி அது படுத்துக் கிடந்த ஒரு கோடையில்தான் மதிப்பீட்டுக் குழு வருவதாகச் செய்தி வந்தது. கல்லூரிக்குத் தரம் கொடுக்கிற குழு. நெட்டை அவளைக் கூப்பிட்டனுப்பினாள். அறைக்குள் போனதும் கதவைச் சாத்தச் சொன்னாள்.

"உன் தோட்டம் காஞ்ச கருவாடாட்டம் கிடக்குடி."

"கோடையில அது அப்படித்தான் இருக்கும். தூங்குது. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். வர்றவங்களுக்குத் தெரியணுமே. தூங்குதா செத்துப்போச்சான்னு நாடி புடிச்சா பாப்பாங்க?"

"நான் விளக்கிச் சொல்றேன்."

"நீ விளக்கறதுக்குள்ள அவங்க அடுத்த கட்டடத்துக்குப் போயிடுவாங்க." நெட்டை மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையை இப்படியும் அப்படியும் உருட்டினாள். "நிர்வாகத்துல முடிவு பண்ணிட்டாங்க. ஒரே ஒரு வாரத்துக்கு அதுமேல புல்லு விரிக்கணும். சுருட்டி லாரியில வருமே, அது. குழு போனதும் எடுத்துடலாம்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அதுக்கு என்னை வேலையைவிட்டுத் தூக்கிடு" என்றாள்.

"தூக்கறது நானில்லடி. தரம் குறைஞ்சா முதல்ல மூடப்போறது உன் துறையைத்தான். ஏற்கெனவே பேச்சு அடிபடுது. அப்புறம் தோட்டமும் இல்ல, பாடமும் இல்ல. புரிஞ்சுக்கோ."

அன்று வீட்டில் அவள் கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்கிறவன். அன்றைக்கு அவனும் கிண்டலை ஓரம் வைத்துவிட்டு யோசித்தான்.

"அடியில ஏதாச்சும் விரிச்சுட்டு, அதுக்கு மேல புல்லைப் போடச் சொல்லேன். பூ மாதிரி எடுத்துடலாமே" என்றான்.

மறுநாள் அவள் அதையே நிபந்தனையாகச் சொன்னாள். செடியை வெட்டக்கூடாது, ரோலர் ஓட்டக்கூடாது, தொட்டியைத் தொடவே கூடாது. நெட்டை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்மேல சத்தியமா" என்றாள். அவளும் நம்பித் தலையாட்டிவிட்டாள்.

விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வந்து பார்த்தபோது தோட்டத்தில் ரோலர் ஓடிக்கொண்டிருந்தது.

புதர்களை வேரோடு பிடுங்கிச் சுவரோரம் குவித்திருந்தார்கள். நடுப்பள்ளத்தைக் கட்டட மண் கொட்டிச் சமமாக்கியிருந்தார்கள். கோரைத் தொட்டி இருந்த இடமே தெரியவில்லை. வாடை வரும் என்று சொல்லிக் குளியல் தண்ணீர்க் குழாயைச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அவள் ஓடிப்போய் ரோலருக்கு முன்னால் நின்றாள். ஓட்டுநர் பயந்துபோய் நிறுத்தினான்.

"யாரு சொன்னா? யாரு உங்களை உருட்டச் சொன்னா?"

"மேடு பள்ளமா இருந்தா புல்லு ஒட்டாதும்மா" என்றார் புல் விரிக்க வந்த ஒப்பந்தக்காரர். "எல்லாம் கேட்டுத்தான் செய்யறோம்."

விடுதி மாடியில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். இறுதியாண்டு மாணவி ஒருத்தி கீழே இறங்கி வந்தாள். அந்த நாணலை நட்டவர்களில் அவளும் ஒருத்தி.

"நீங்க சரின்னு சொன்னீங்களாமே. நிஜமா மேடம்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சரி என்று சொன்னவள்தானே. மாணவி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

குழு வந்த அன்று புல் பச்சைப் பசேலென்று இருந்தது. விடிந்ததிலிருந்து நீர் பாய்ச்சிய தண்ணீர் லாரியைச் சமையற்கூடத்துக்குப் பின்னால் மறைத்து நிறுத்தியிருந்தார்கள். குழுவின் தலைவர் வயதானவர், சாந்தமான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் வைத்தார்.

"ரொம்ப அருமையா இருக்கே. இந்தக் கோடையில இதை எப்படிம்மா பராமரிக்கிறீங்க?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நெட்டையும் பார்த்தாள். அந்தப் பார்வையில் அதிகாரம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

அவள் பேசத் தொடங்கினாள். விடுதிக் குளியல் தண்ணீர் எப்படி வருகிறது, கோரை அதை எப்படி வடிக்கிறது, மழைநீர் எங்கே இறங்குகிறது, சருகு எப்படி உரமாகிறது என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னதெல்லாம் உண்மை, ஆனால் எதுவுமே அங்கே இல்லை. வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய வார்த்தைகள் என்பதால், மாவாட்டுகிற இயந்திரம் போல வாய் தானாக ஓடியது.

"அப்போ இந்தப் புல்லுக்கு நல்ல தண்ணி செலவே இல்லையா?"

"ஒரு சொட்டு கிடையாது சார்."

குழுவினர் கைதட்டினார்கள். பெரியவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்மா" என்றார். அந்தக் கையை அங்கேயே வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது அவளுக்கு.

கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. அறிக்கையில் தோட்டத்தைத் தனியாகப் பாராட்டியிருந்தார்கள். துறை பிழைத்தது. புல் பிழைக்கவில்லை, தண்ணீர் லாரி நின்றதும் திட்டுத்திட்டாக மஞ்சளாகி, கருகி, கையோடு உரிந்து வந்தது. அவள் மண்வெட்டியோடு இறங்கினாள். கூப்பிட்ட மாணவிகளில் இரண்டு மூன்று பேரே வந்தார்கள். அவர்களும் மறுநாள் வரவில்லை. ரோலர் இறுக்கிய மண்ணில் மண்வெட்டி டங்கென்று எகிறியது. சுவரோரம் குவித்திருந்த வேர்களைக் கீறிக் கீறிப் பார்த்தாள். ஒன்றிலாவது உள்ளே ஈரம் இருக்காதா என்று தேடினாள். எல்லாம் சுள்ளி.

அப்புறம் மழை வந்தது. முன்பெல்லாம் பள்ளத்தில் இறங்கி மறைந்த தண்ணீருக்கு இப்போது போக்கிடம் இல்லை. அது விடுதியின் கீழ்த்தளத்துக்குள் புகுந்தது. பெண்கள் பெட்டி படுக்கையைத் தலையில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். மின்கம்பி நனைந்து கட்டடமே இருண்டது. நிர்வாகம் கூடிப் பேசி, தோட்டத்தால்தான் இந்தத் தொல்லை என்று முடிவு கட்டியது. மொத்தத்துக்கும் கான்கிரீட் போட்டு, வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிடுவதாக ஏற்பாடு.

அதைச் சொல்ல நெட்டையே அவள் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த முக்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் தரையில் வைத்தாள்.

"ரோலர் விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும்டி" என்றாள். "உன்கிட்ட சொல்லத் தைரியம் வரல. சத்தியம் பண்ணும்போதே தெரியும்."

அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

"ஒரு வார்த்தை திட்டிடுடி. இப்படி இருக்காத. நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி ஏதாவது கேளு."

"என்னன்னு கேக்கறது?" என்றாள் அவள். "நீ பொய் சொன்னது என் ஒருத்திகிட்ட. நான் அத்தனை பேர் முன்னாடி நின்னு சொன்னேன். உன்னைத் திட்ட எனக்கு வாய் ஏது?"

நெட்டை விசும்பி விசும்பி அழுதாள். அவளுக்கு அழுகை வரவில்லை. தோழியின் தோளில் கை வைக்கலாமா என்று நினைத்தாள். கை ஈரமாக இருந்தது, வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நெட்டை முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற பேச்சு அவர்களுக்குள் நின்றே போனது.

கான்கிரீட் போட்ட அன்று அவளுக்கு முதல் வகுப்பு இருந்தது. பாடம், கழிவுநீரை மறுபடி பயன்படுத்துவது. கலவை இயந்திரத்தின் இரைச்சலில் பின்வரிசைக்கு எதுவும் கேட்கவில்லை. ஒரு மாணவி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். ஆசிரியை கரும்பலகையின் பக்கம் திரும்பி, கோரைத் தொட்டியின் படத்தை வரைந்தாள். அம்புக்குறி போட்டு, தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும் என்று சொல்லிக்கொண்டே போனாள். மாணவிகள் படத்தை அப்படியே நோட்டில் வரைந்துகொண்டார்கள்.