ரோஸ் சாயம்

விழுப்புரத்தில் மில் நைட் ஷிப்டை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய அன்று, திண்டிவனத்தில் பஸ் மாறும் இடத்தில் ஒரு கூடைக்காரனிடம் பண்ணைக் குஞ்சுகள் வாங்கினேன். எங்கள் வீட்டுச் சாம்பல் கோழி அந்த வாரம்தான் பொரித்திருந்தது. அதன் குஞ்சுகளோடு விட்டால் இவையும் வளர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

வேலையை விட்டதை என் மனைவி ஜெயத்திடம் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் கூடையைப் பார்த்தாள்.

"இதுங்க பொழச்சா நீ இங்கயே இரு. செத்துதுங்கன்னா பேசாம மில்லுக்குப் போயிடணும். சரியாய்யா?"

சரி என்றேன்.

கோழி ஒத்துக்கொள்ளவில்லை. அதன் குஞ்சுகள் வெளிர் சாம்பல், இவை மஞ்சள். இறக்கைக்கடியில் முதலில் நுழைந்ததைத் தலையில் கொத்தியது. நான் எடுப்பதற்குள் அது செத்துவிட்டது. மிச்சத்தைக் கூடைக்குள் போட்டு மூடினேன். மார்கழி மாதம். எங்கள் வீட்டில் கரண்ட் கிடையாது. தாய்ச்சூடு இல்லாவிட்டால் எல்லாம் விறைத்துவிடும்.

பருந்துக்குப் பயந்து குஞ்சுகளுக்கு ரோஸ் சாயம் தடவுவது எங்கள் தெரு வழக்கம். மாடத்தில் பாதிப் பொட்டலம் இருந்தது. கோழியின் சொந்தக் குஞ்சுகளையும் சேர்த்து எல்லாவற்றுக்கும் தடவினேன். ஒரே நிறமாகிவிட்டால் அதற்கு வித்தியாசம் தெரியாது என்பது என் யோசனை.

வெயிலில் காயவைத்துக் கோழியிடம் விட்டேன். கோழி எல்லாவற்றையும் கொத்தியது.

"பெத்ததுக்கே அடையாளம் தெரியாம பண்ணிட்டியே," என்றாள் ஜெயம். "எது நம்புளுது, எது வாங்கினதுன்னு உனுக்காவது தெரியுதா?"

தெரியவில்லை. "கழுவிட்டா?" என்றேன்.

"இந்தக் குளுருல தண்ணில முக்குனீன்னா இப்பவே செத்துடும். நைட்டெல்லாம் முழிச்சி முழிச்சி மூள காஞ்சி போச்சி உனுக்கு."

கோழி தோட்டம் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே சுற்றியது. அது தேடிய குஞ்சுகள் அதன் காலடிக்கே ஓடி வந்தன. அவற்றை விரட்டிவிட்டு மறுபடியும் தேடியது. லீவில் நான் வரும்போது எங்கள் நாய் என்னைப் பார்த்துக் குரைக்கும். அது ஞாபகம் வந்தது.

பொழுது சாய்ந்ததும் தூறல் போட்டது. குஞ்சுகள் முள்வேலி இடுக்கில் புகுந்து கத்திரி நாற்றுக்குள் ஒதுங்கிக் கத்தின. அந்த நாற்றங்கால் ஜெயத்துடையது. எந்தக் கோழி பக்கத்தில் போனாலும் கழியை வீசுவாள். சத்தம் கேட்ட இடத்துக்குச் சாம்பல் கோழி ஓடியது. வேலிக்குள் கழுத்தை நீட்டியது.

ஜெயம் கழியை எடுத்தாள். பிறகு கீழே போட்டுவிட்டு, வேலி முள்ளைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

கோழி நாற்றின்மேல் உட்கார்ந்து இறக்கையை விரித்தது. குஞ்சுகள் கத்திக்கொண்டே ஒவ்வொன்றாக உள்ளே போயின. கொத்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொத்தவில்லை.

"நாத்து வீணாப் போவுதே," என்றேன்.

"போவட்டும். இருட்டுல அதுக்கு இன்னா கலரு தெரியப் போவுது? சத்தந்தான் தெரியும். ஜல்தியா கூடைய கவுத்து."

காலையில் ஒரு கையில் கழியோடு கூடையைத் தூக்கினேன். கோழி வெளியே வந்து ஒரு ரோஸ் குஞ்சைத் தலைசாய்த்துப் பார்த்தது. பிறகு மிச்சமிருந்த நாற்றையும் கிளறிப் புழு எடுத்து, எல்லாவற்றையும் கூப்பிட்டது.

நடுவில் ஒன்றைக் கீரி தூக்கிப் போனது. அதுவும் முதல் நாள் செத்ததும் கணக்கில் வராது என்று ஜெயமே சொல்லிவிட்டாள். சாயம் வெளுத்து, வாங்கிய குஞ்சுகளுக்கு வெள்ளை இறகு முளைத்தபோது, தினமும் காலையில் கோழியின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவற்றையும் மேய்த்துக்கொண்டு போனது. தெரிந்து மேய்த்ததா தெரியாமல் மேய்த்ததா, எனக்குத் தெரியாது.

ஜெயம் மறுபடியும் கத்திரி விதைத்தாள். கொடுவாளை என் கையில் கொடுத்தாள்.

"வேலிக்கு முள்ளு வெட்டிக்கினு வா. நெறைய வேணும். அடுத்த வருசமும் தாங்கணும்."