காசியம்மாள் குடை வாங்கிய முக்கால் நிமிடம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு மீன்காரம்மாவைப் பார்த்தேன். உச்சி வெயில். கையில் குடை. குடையைத் தரையிலிருந்த கூடைக்குப் பிடித்துக்கொண்டு அவள் வெயிலில் நின்றாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது, மற்றதெல்லாம் நான் கட்டியது. கட்டியதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதை ஏன் மறைக்க வேண்டும்?

2

தொடக்கம், முதல் முயற்சி: 'அலைகள் கரையை முத்தமிட்ட ஒரு பொன்மாலையில் ஜெயினுலாபுதீன் தன் விழிகளை...'

சீச்சீ. அடித்துவிட்டேன்.

இரண்டாம் முயற்சி: 1974, சித்திரை மாதம். சதுரங்கப்பட்டினத்து ஜவுளிக்கடைக்காரர் மகன் ஜெயினுலாபுதீன் சென்னையில் சினிமாப் படிப்பில் கடைசி வருஷம். பரீட்சைக்கு ஒரு விளம்பரப் படம் எடுக்க வேண்டும். குடைக் கம்பெனி ஒன்று மாதிரிக்கு ஒரு குடை கொடுத்திருந்தது. பரீட்சை விதிப்படி நடித்துப் பழகியவர் யாரும் படத்தில் வரக்கூடாது. பிலிம் ஒரே சுருள், மூன்று நிமிடம்கூட ஓடாது. இதில் தேறாவிட்டால் கடைக்கு வந்து துணி அளக்க வேண்டியதுதான் என்று அத்தா கறாராகச் சொல்லிவிட்டார்.

இப்படியே இருக்கட்டும். விஷயமெல்லாம் வந்துவிட்டது. அழகு வேண்டுமானால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

3

எந்தப் பாணியில் எடுப்பது? கூடப் படிப்பவன், கேமரா பிடிப்பவன் ராஜாராம். அவனுக்கு இதில் சந்தேகமே இல்லை.

"மகாபலிபுரம் மச்சான்! பின்னால கோயிலு, அலை. ஒரு பொண்ணு குடைய சுத்திகினே வர்றா. பாட்ட அப்பால சேத்துக்கலாம். ஷோக்கா இருக்கும்."

எடுத்தார்கள். ராஜாராமின் தங்கை வசந்தாதான் அந்தப் பெண். வீட்டில் அவள் வாயை மூட முடியாது. கேமரா ஓடியதும் குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல விறைத்தாள். கடற்காற்று குடையைப் புரட்டிப் போட்டு ஒரு கம்பியையும் வளைத்தது. பாதிச் சுருள் காலி.

[வசந்தாவுக்கு ஒரு காதல் வைக்கலாமா என்று பார்த்தேன். இடம் போதவில்லை. கோபித்துக்கொள்ளாதே வசந்தா.]

4

மறுநாள் காலை, சதுரங்கப்பட்டினத்துக் கரையில் மீன் ஏலம். மிச்சப் பாதிச் சுருளை ஜெயினு தன் இஷ்டப்படி எடுப்பதாக ஏற்பாடு. கேமரா ஓரமாக நிற்கும், நடப்பது நடக்கட்டும்.

"இதுக்குப் பேரு ஸ்டைலாடா? நியூஸ் ரீலு!" என்று ராஜாராம் அலுத்துக்கொண்டான்.

இங்கே ஏலத்தில் எடுத்த மீனைச் செங்கல்பட்டில் விற்கும் காசியம்மாளிடம் ஜெயினு குடையைக் கொடுத்தான். "யக்கா, பிரிச்சுப் பாத்துட்டு 'நல்ல குடை'ன்னு சொல்லணும். அவ்ளோதான்."

டேப் ரெக்கார்டர் சுற்றியது. கேமரா ஓடியது. அவள் விரித்துப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"இன்னா தம்பி, துணி இம்மாம் மெல்லிசா கீது?"

"யக்கா, நல்ல குடைன்னு..."

"கம்பி ஒண்ணு கோணிகினு கீது. பிடி வழுக்குது. இத்தப் போயி நல்ல குடைன்றியே, கண்ணு தெரியுதா உனக்கு?"

ராஜாராம் கேமராவை நிறுத்தப் போனான். ஜெயினு அவன் தோளை அழுத்திப் பிடித்தான். "நிறுத்தாத! அந்தக்கா குடைய வாங்கப் போவுது."

(கதையை ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். அந்தக் கரையில் மீன் எடுக்க வந்தவள் மீனைப் புகழமாட்டாள். புகழ்ந்தால் விலை ஏறிவிடும். எதன்மேல் கண்ணோ அதைத்தான் வாய் ஓயாமல் திட்டுவாள். ஜெயினு அதைப் பார்த்தே வளர்ந்தவன்.)

காசியம்மாள் குனிந்து கூடையிலிருந்து இரண்டு சங்கரா மீனை எடுத்து ஜெயினுவின் கையில் திணித்தாள். "இதுக்கு மேல ஒரு செதிள்கூடத் தரமாட்டேன், ஆமா." குடையைக் கூடைக்கு மேலே பிடித்துக்கொண்டாள். அவள் வெயிலில் நின்றாள், மீன் நிழலில் இருந்தது. அதோடு பிலிம் தீர்ந்தது.

"எங்க ஊரு மச்சான்!" என்றான் ஜெயினு. பெருமையோடு மீனைத் தூக்கிக் காட்டினான்.

5

படத்தை வெட்டி ஒட்டியபோது முக்கால் நிமிடம் தேறியது. மகாபலிபுரம் ஒரு துண்டுகூட இல்லை. ஆசிரியர் சதாசிவமும் குடைக் கம்பெனி மானேஜரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

மானேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தம்மா நடிப்பு பிரமாதம். ஆனா எங்க குடையைத் திட்டறாங்களே! வேற குரல்ல 'நல்ல குடை'ன்னு பேச வெச்சு ஒட்டிடுங்க. படத்தை நாங்களே வாங்கிக்கறோம்."

சதாசிவம் ஜெயினுவைப் பார்த்தார். "மாத்தினா பாஸ். மாத்தலேன்னா இதை விளம்பரம்னு சொல்லி நான் எப்படிப்பா மார்க் போடறது?"

ஜவுளிக்கடையின் அளவுகோல் ஜெயினுவின் கண்முன் வந்து நின்றது. ஆனாலும் சொன்னான்.

"அவங்க நடிக்கல சார், வாங்கினாங்க. குடை இப்பவும் அவங்ககிட்டதான் இருக்கு. பிடிக்காத சாமானை எங்க ஊர்ல யாரும் இவ்ளோ நேரம் நின்னு திட்டமாட்டாங்க. நான் மாத்தமாட்டேன்."

6

இதற்குப் பிறகு மூன்று முடிவு எழுதினேன். மானேஜர் மனம் மாறி அப்படியே வாங்கிக்கொள்வது முதலாவது. எனக்கே கூச்சமாக இருந்தது. ஜெயினு கடையில் துணி அளப்பது அடுத்தது. அதிலும் அவன் தலைநிமிர்ந்துதான் அளந்தான், ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாவதில் சதாசிவம்... வேண்டாம், கிழித்தாயிற்று.

சதாசிவம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறார். பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள், மார்க்கை நீங்களே போடுங்கள். பெயில் என்றாலும் பரவாயில்லை, ஜெயினு பையன் தாங்குவான்.

குடையை மட்டும் யாரும் திருப்பிக் கேட்காதீர்கள். அந்த இரண்டு மீனையும் அன்றைக்கே குழம்பு வைத்துச் சாப்பிட்டாகிவிட்டது.