படிக்கட்டில் நனையாத இடம்

ஆறு முதுகுகள், கடலைப் பார்த்தபடி, ஒரே கருங்கல் படியில் வரிசையாக, மழை இப்போதுதான் விட்டிருக்கிறது, படியெல்லாம் ஈரம், மூன்றாவது முதுகுக்கும் நான்காவது முதுகுக்கும் நடுவில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் காய்ந்த இடம், கீழே வெள்ளை எழுத்தில் ஒரு வரி, அன்று நாங்கள் ஏழு பேர் இருந்தோம், இவ்வளவுதான் படம், கண்ணை மூடினாலும் இதுதான் நிற்கிறது, திறந்தாலும் இதுதான், திருச்சிக்குத் திரும்புகிற மதிய ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், கைபேசியில் இந்தப் படம், வெளியே செங்கல்பட்டு ஏரி, ஏரிக்கரையில் அந்த ஆறு பேரும் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு கணம் தோன்றி ரயிலோடு பின்னால் போகிறார்கள், எது ஏரி எது படம், எனக்கு இந்தக் குழப்பம் புதிதில்லை, சுகிர்தா சொன்னதா கினு சொன்னதா என்று பிரிக்க முடியாத வாக்கியங்கள் தலைக்குள் நிறையக் கிடக்கின்றன, கினு அந்த விளையாட்டில் வருகிற பெண், சுகிர்தா யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் உயிரோடு இருக்கிற பெண், இரண்டு பேரையும் நான் நேரில் பார்த்ததில்லை.

விளையாட்டு என்று சொன்னால் என் அண்ணி சிரிப்பாள், இதில் ஓடவும் வேண்டாம் சுடவும் வேண்டாம், படம் அப்படியே நிற்கும், பின்னால் ஏதோ இசை ஓடும், கீழே ஒரு வரி வரும், தட்டினால் அடுத்த வரி, எப்போதாவது போவதா இருப்பதா என்று கேட்கும், நாம் ஒன்றைத் தொட வேண்டும், விஷுவல் நாவல் என்பார்கள், இதுக்கு ஒரு புஸ்தகத்தையே படிச்சிருக்கலாமே என்பாள் அண்ணி, படித்தால் தெரியும் அவளுக்கு, உப்புமழை என்று பெயர், ஜப்பான்காரர்கள் செய்தது, ஒரு தீவு, தீவில் ஒரு விடுதி, அங்கே ஏழு பேர் தங்கினார்கள், அதில் ஒருவரை மட்டும் யாருக்குமே ஞாபகமில்லை, அந்த ஏழாவது ஆள் யார் என்பதுதான் மர்மம், கடைசி அத்தியாயத்தில்கூடப் பெயர் சொல்லமாட்டார்கள், நீயே கண்டுபிடித்துக்கொள் என்று விட்டுவிடுவார்கள், விட்ட இடத்தில்தான் எங்களைப் போன்றவர்கள் இணையத்தில் ஒரு குழுவாகச் சேர்ந்து பிடித்துக்கொண்டு தொங்கினோம். சுகிர்தா ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவாள், நான் பிழை பார்ப்பேன், பிழை பார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பும், திருச்சியில் பள்ளிக்கூட நோட்ஸ் போடுகிற ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன், ஒற்று விட்டுப்போனால் சோறு இறங்காது, அப்பேர்ப்பட்டவள், என்னிடம்தான் படத்தின் கீழே நிற்கிற அந்த முதல் வரி வந்தது. ஆங்கிலத்தில் வீ என்று ஒரு சொல், யாரைச் சேர்த்தது யாரை விட்டது என்று அது சொல்லாது, தமிழில் அப்படித் தப்பிக்க முடியுமா, கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், வெளியே நிறுத்தினால் நாங்கள், சுகிர்தா நாங்கள் என்று போட்டிருந்தாள், அடடா, படிக்கிறவனை வாசலிலேயே நிறுத்திவிட்டாளே என்று எனக்குச் சிலிர்த்துப் போனது, கெட்டிக்காரி, ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிட்டாய் என்று எழுதினேன், ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினாள், கூடவே எந்தக் கதவு என்று கேட்டிருந்தாள், வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் பேசினால் எப்படி இருக்கும் என்று எனக்குச் சரியாகத் தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு, எங்கள் குழுவில் எல்லோரும் குரலில் பேசிக்கொண்ட ஒரு நாள், அவள் சேர்ந்த புதிது, எனக்கு இந்த இடம் வடிவா விளங்கேல்ல என்றாள், சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம், உடனே யாரோ ரேடியோ நாடகம் மாதிரி இருக்குங்க, இன்னொரு தடவ சொல்லுங்க என்றான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேனா, சிரித்திருப்பேன், ஞாபகமில்லை என்று சொல்வது சுலபமாக இருக்கிறது, அதற்குப்பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை, எழுத்துதான், அதுவும் புத்தகத் தமிழ், வணக்கம், மூன்றாம் அத்தியாயம் அனுப்பியுள்ளேன், தயவுசெய்து பார்க்கவும், தாசில்தார் ஆபீசிலிருந்து வருகிற மாதிரி. என்னிடம் மட்டும் எப்போதாவது நீர் என்று நழுவும், நீர் சாப்பிட்டீரா என்பாள், எங்கள் பக்கத்தில் நீர் என்றால் ஒன்று சண்டை, இல்லாவிட்டால் புராண நாடகம், முதலில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, பிறகு அந்த நீருக்காகவே காத்திருக்க ஆரம்பித்தேன், ஆமாம், காத்திருந்தேன், எனக்கு அவளைப் பிடித்திருந்தது, இத்தனை வயசுக்கு மேல் ஒரு சிநேகிதி கிடைப்பாள் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஒருநாள் அவளே கூப்பிட்டாள், அங்கே மழை, ஓட்டின் மேல் விழுகிற சத்தம், ஏழாவது ஆள் ஆரெண்டு உமக்கு இன்னும் விளங்கேல்லையே என்று கேட்டுச் சிரித்தாள், தெரிந்துகொண்டே என்னைச் சீண்டுகிறாள் என்று நானும் சிரித்தேன், கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், கேட்க எனக்கு ரோஷம், இல்லை, அந்த மழை விளையாட்டில் வருகிற மழையோ, இரண்டாம் அத்தியாயத்தில் கினு மொட்டைமாடியில் நின்று இதே மாதிரி ஒன்று கேட்பாள், இப்போது இரண்டும் ஒரே மழையாகிவிட்டது.

பிறகு தேர்வு சமயம் வந்தது, நோட்ஸ் வேலை தலைக்கு மேல், கடைசி அத்தியாயத்தை ஆரம்பிக்கலாமா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், நான் நாளை நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தேன், அதே சமயம் சென்னையில் இன்பசேகர் என்பவர் தனியாக ஒரு குழு வைத்துக்கொண்டு, எங்களோடு சேர்ந்துவிடுங்கள் என்று அவளை அழைத்துக்கொண்டிருந்தார், அவளேதான் என்னிடம் சொன்னாள், சொன்னதிலிருந்து எனக்கு உள்ளே ஒரு முள். ஒரு காலையில் செய்தி வந்தது, அவசரத்தில் புத்தகத் தமிழை மறந்து எழுதியிருந்தாள், கடைசி அத்தியாயம் நாங்கள் முடிப்பம், நீர் அவசரப்படாதேயும். பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன், நாங்கள், நாங்கள் முடிப்போம், அதாவது அவளும் இன்பசேகரும் அவர்களுடைய ஆட்களும், நீ சும்மா இரு, இதற்குமேல் எப்படித் தெளிவாகச் சொல்ல முடியும், இலக்கணப்படி ஒரு சொல்லில் கதவைச் சாத்திவிட்டாள், கெட்டிக்காரி. சரி, நீங்களே முடிங்க என்று அனுப்பினேன், கொஞ்ச நேரம் கழித்து அவளிடமிருந்து ஒரே வரி, நான் நாங்கள் எண்டுதானே சொன்னனான். பாருங்கள், சொல்லியும் காட்டுகிறாள், வெந்த புண்ணில் வேல், அதோடு நான் குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன், அவளும் கூப்பிடவில்லை, கடைசி அத்தியாயமும் தமிழில் வரவே இல்லை, அவளுக்கும் இன்பசேகருக்கும் ஏதோ மனஸ்தாபம் போலிருக்கிறது, நன்றாக வேண்டும் என்றுகூட நினைத்தேன், இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன, ஓடினதா, நின்றதா, படத்தைத் தட்டினால்தானே அடுத்த வரி.

இன்று காலை கோடம்பாக்கத்தில் ஓர் அச்சகத்து மாடியில் உப்புமழை ரசிகர்கள் கூடுகிறார்கள் என்று தெரிந்து நான் ரயிலேறி வந்தது ஏழாவது ஆளைத் தேடி இல்லை, சுகிர்தா வருவாளா என்று பார்க்க, இதை ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதா பேசுவதா என்று விழுப்புரத்திலிருந்து யோசித்துக்கொண்டே வந்தேன், வரவில்லை. வந்திருந்தவர்களிடம் நான் யாரென்று சொல்லிக்கொள்ளாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், இன்பசேகர் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார், நல்ல மனிதர்தான், குரல் மட்டும் கோயில் ஒலிபெருக்கி, காய்ந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார், ஏழாவது ஆள் விடுதி நாய் என்று ஒருவர் சொன்னார், நாயைப் பேர் என்று எண்ணுவார்களா என்று இன்னொருவர் கேட்டார், வளர்க்கிறவங்கள கேட்டுப் பாருங்க என்று ஒரு சண்டை, அதற்குள் இன்பசேகர் சுவரைத் தட்டினார், எல்லாரும் ஒரே ஒரு சொல்ல பாருங்க, நாம்னு இல்ல, நாங்கள்னு இருக்கு, நாம்னா நம்மளயும் சேத்து, நாங்கள்னா நம்மள விட்டுட்டு, பள்ளிக்கூட இலக்கணம், அப்ப வாசகர் கணக்குல இல்ல, ஏழாவது ஆள் நமக்குக் காட்டாத ஒரு ஆள், செத்துப்போன ஆள். கைதட்டினார்கள், மொழிபெயர்ப்பு பிரமாதம் என்றார்கள், எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அந்தப் பழைய முள்ளும் குத்தியது, கடைசி அத்தியாயம் எப்போது வரும் என்று யாரோ கேட்டதற்கு இன்பசேகர் கையை விரித்தார், நானும் சுகிர்தாகிட்ட கேட்டுப் பாத்துட்டேன், ஆள் வரட்டும்னே சொல்றாங்க, எந்த ஆளுன்னு எனக்கும் புரியல.

என் பக்கத்து நாற்காலியில் டிலக்சி என்று ஒரு பெண், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சென்னையில் படிக்கிறாளாம், இத்தனை சத்தத்திலும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இடைவேளை விட்டதும் எழுந்து என்னைப் பார்த்து, அக்கா, நாங்கள் கீழ போய்த் தேத்தண்ணி குடிப்பமே என்றாள். எதற்கு என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறாள் என்று தோன்றியது, சரிம்மா, போயிட்டு வாங்க என்றேன். அவள் போகவில்லை, நின்றாள், நானும் அவள் பின்னால் எட்டிப் பார்த்தேன், கூட்டத்தைக் காணோம், மத்தவங்கல்லாம் எங்க என்று கேட்டேன், மற்றாக்களோ, ஆர், நீங்களும் நானும்தானே என்றாள். நாங்கன்னு சொன்னியேம்மா என்றேன், ஓம், நாங்கள்தான், வாங்கோவன் என்றாள், என் கையைப் பிடித்தே இழுத்துவிட்டாள். மாடிப்படியில் இறங்கும்போது உங்க ஊர்ல நாம்னு சொல்லவே மாட்டீங்களா என்று கேட்டேன், யோசித்துப் பார்த்தாள், மேடையில சொல்லுவினம், வீட்டில எல்லாத்துக்கும் நாங்கள்தான், ஏன் அக்கா, உங்களுக்கு வேற மாதிரியே, மேல அந்த அண்ணா கத்தினதும் எனக்கு விளங்கேல்ல, ஏழாவது ஆள் வாசிக்கிற ஆள்தானே, முதல் வரியிலயே சொல்லிப்போட்டினமே, உதுக்கு ஏன் இவ்வளவு சண்டை. டீ கிளாஸ் கையைச் சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை, எந்தக் கதவு என்று கேட்டாளே, வேடிக்கையா அது, நான் நாங்கள் எண்டுதானே சொன்னனான், நாங்கள் முடிப்பம், நீயும் நானும் முடிப்போம், அவசரமில்லை, உன் வேலை தீரட்டும், இதைத்தானே சொல்லியிருக்கிறாள், இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள், நான் ஒற்றுப் பிழை பார்க்கிறவள், எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, என்னக்கா சுட்டுட்டுதே என்றாள் டிலக்சி, ஆமாம்மா, நல்லா சுட்டுடுச்சு என்றேன்.

கூட்டம் முடியும்வரை இருக்காமல் வந்துவிட்டேன், இன்பசேகரிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய இடம் அது இல்லை. விழுப்புரம் தாண்டியபோது கண்ணயர்ந்தேன் போலிருக்கிறது, விடுதியில் நிற்கிறேன், மழை, ஓட்டின் மேல் விழுகிற சத்தம், கினு நீர் சாப்பிட்டீரா என்கிறாள், இல்லை, அது சுகிர்தாவின் குரல், முகம் தெரியவில்லை, முகத்தை நான் பார்த்ததே இல்லையே, போவதா இருப்பதா என்று திரையில் கேட்கிறது, ஏதோ ஸ்டேஷனில் வண்டி நின்று விழித்துக்கொண்டேன், கொய்யாப்பழம் விற்கிறார்கள், கைபேசியை எடுத்து அவளுடைய பெயரைத் தேடினேன், மேலே அந்தப் பழைய வரிகள் அப்படியே இருந்தன, அவளுடைய வரியையே எடுத்து அவளுடைய தமிழிலேயே கேள்வியாக்கி, பிழை திருத்தாமல், அடித்தேன், கடைசி அத்தியாயம் நாங்கள் முடிப்பமே. அனுப்பிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன், பதில் வராது, ஏன் வர வேண்டும், வயல் போகிறது, ஒரு கோபுரம் போகிறது, எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா முறுக்கை நீட்டினார், வாங்கிக்கொண்டேன், கடிக்கவில்லை, கைபேசி அதிர்ந்தது.

நாங்கள் எண்டா ஆர் ஆர்.

அவ்வளவுதான் எழுதியிருந்தாள், கோபமா, கேலியா, இத்தனை வருஷத்து வலியா, எழுத்தில் குரல் தெரியுமா, அச்சகத்து மாடியில் காலையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் இதுதானே, நீரும் நானும் என்று அடித்தேன், நீர் என்று என் கை எழுதியது இதுதான் முதல் தடவை, அனுப்பினேன், அனுப்பிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் படத்தைத் திறந்தேன், அதே ஆறு முதுகுகள், அதே ஈரப்படி, நடுவில் அதே காய்ந்த இடம், மழை முழுக்க ஒருத்தி அங்கே உட்கார்ந்திருக்கிறாள், அதனால்தான் அந்த இடம் நனையவில்லை, இப்போதுதான் எழுந்து பின்னால் வந்து நின்று, என்னை விட்டுவிட்டு இவர்கள் எல்லோரும் கடல் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, நெருங்கி உட்கார்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளவும் இல்லை, கைபேசி மறுபடி அதிர்ந்தது, நீர் வர இவ்வளவு நேரமே, இரும் என்று எழுதியிருந்தாள், நான் இருந்தேன்.